எல்லைக் கரையில் ஒதுங்குகிற பாசி: தென்னை மூட்டில் போடலாமா?

தோப்புவிளை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு தமிழ்நாடு கேரள எல்லையில், நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவில். ரேஷன் கார்டு தமிழ்நாடு, சந்தைக்குப் போவது பாறசாலை. கடலுக்குச் சற்றுத் தள்ளி அப்பா காலத்துத் தோப்பு, நாற்பது தென்னை நிற்கிறது.

போன வாரம் கள்ளக்கடல் (காற்றில்லாமலே திடீரென்று ஏறி வருகிற அலை) அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் கரைக்குப் போனேன். கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்ட தூண்டில் வளைவை ஒட்டி முழங்கால் உயரத்துக்குப் பாசி ஒதுங்கிக் கிடந்தது. பெரும்பங்கு தவிட்டு நிறம். தொட்டால் ஈரத்தோல் மாதிரி இருக்கிறது. இலை இடுக்குகளில் மிளகு அளவில் குமிழ்கள், விரலால் நசுக்கினால் பட்டென்று உடைகின்றன. ஊடே சிவப்பாக நூல்நூலாக ஒன்று, கண்ணாடித்தாள் போல மெலிந்த பச்சை ஒன்று.

அப்பா இதைக் கடவத்தில் (ஓலைக் கூடை) சுமந்து வந்து தெங்கு மூட்டில் போடுவார் என்று அம்மா சொல்கிறார். நான் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் உரமூட்டை வந்துவிட்டது. உப்பு வேரைக் கெடுக்காதா என்பதுதான் என் பயம். ஊரில் சிலர் ஜேசிபி வைத்து வாரிக் குழியில் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் நோய் வரும் என்கிறார்கள். வாட்ஸாப்பில் மெக்சிகோ கரையெல்லாம் பாசி மலையாகக் கிடக்கிற வீடியோ ஒன்றும் சுற்றுகிறது. நமக்கும் அப்படி வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைவாசி:

படம் போடுங்கள் அண்ணா. பொழியூர்ப் பக்கமும் கிடக்கிறது, ஆனால் அதில் பாதி ஆற்றுப் பாசி.

பாறசாலை டீச்சர்:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே அடையாளம் இருக்கிறது. குமிழ் வைத்த தவிட்டுப் பாசி சர்காஸம். ராமநாதபுரம் பக்கம் கட்டக்கோரை என்பார்கள். அந்தக் குமிழுக்குள் காற்று. தண்டு நிமிர்ந்து வெளிச்சத்தைப் பார்த்து நிற்க அதுதான் உதவி. கண்ணாடித்தாள் மாதிரிப் பச்சை உல்வா. சிவப்பு நூலை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன், அந்த இனத்தில் வகை அதிகம்.

மெக்சிகோ வீடியோவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெயர் ஒன்றுதான், வாழ்க்கை வேறு. அட்லாண்டிக்கில் பெருகுகிற சர்காஸம் எதையும் பிடித்து நிற்பதில்லை. மிதந்துகொண்டே வளரும், மிதந்துகொண்டே துண்டுதுண்டாகப் பிரிந்து பெருகும். 2011ல் இருந்து ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் நடுவில் அது பெரிய பட்டையாகவே உருவாகிறது. 2018ல் அளந்தபோது 2 கோடி டன்னுக்கு மேல், நீளம் 8,850 கிலோமீட்டர். நம்முடையது பாறையில் அடிப்பற்று வைத்து வளர்வது. அலை பிய்த்துப் போட்டால்தான் கரைக்கு வரும். பாறை எவ்வளவோ பாசியும் அவ்வளவுதான்.

நோய் பற்றிச் சொல்கிறேன். புதிதாக ஒதுங்கிய பாசி ஒன்றும் செய்யாது. குவிந்து, மேலே காய்ந்து தோல் கட்டி, உள்ளே காற்றில்லாமல் அழுகினால்தான் ஆபத்து. அழுகின முட்டை வாடை வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு. பிரான்சின் பிரிட்டனி கரையில் உல்வா அப்படி அடுக்கடுக்காக அழுகி, 2009ல் அதன்மேல் நடந்த குதிரை ஒன்று செத்தது, சவாரி செய்தவர் மயங்கி விழுந்தார். 2011ல் 36 காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. அங்கே பன்றிப் பண்ணைக் கழிவும் வயல் உரமும் ஆறு வழியாகக் கடலில் சேர்ந்து பச்சைப் பாசியை ஊட்டி வளர்க்கின்றன. அதனால் நம் கரையில் பச்சை மட்டும் வருஷாவருஷம் கூடினால் கவனிக்க வேண்டும், ஆற்றில் என்ன விடுகிறோம் என்று அது காட்டிக் கொடுக்கும். நீங்கள் சொல்வது தவிட்டு நிறம்தான் அதிகம். நல்லது.

குழியில் தள்ளுவதுதான் மிக மோசம். காற்றில்லாமல் அழுகுவதற்குக் குழியை விடத் தோதான இடம் கிடையாது.

பார்நோக்கி:

நான் முங்கிச் சிப்பி எடுக்கிறவன். முட்டம், குளச்சல், விழிஞ்ஞம் எல்லாப் பக்கமும் இறங்கியிருக்கிறேன். இந்தப் பாசி எங்கே இருந்து வருகிறது என்று என்னால் சொல்ல முடியும். கரைக்கு வெளியே கடலடியில் பார், அதாவது பாறைத்திட்டு கிடக்கிறது, அதன் தலையில்தான் வளர்கிறது. மழைக்காலம் முடிந்து வெள்ளம் (கடல் தண்ணீர்) தெளியும்போது முங்கினால் ஒரு பக்கம் சிப்பி, ஒரு பக்கம் பாசி. அலை போகும்போது மொத்தமும் ஒரு திசையில் சாயும், வரும்போது திரும்பச் சாயும். காற்றடிக்கிற நெல்வயல் மாதிரி இருக்கும். சிங்கி இறால் குஞ்சு அதன் மூட்டில்தான் ஒளியும். ஓரா மீன் கூட்டமாக வந்து மேயும்.

இப்போது தூண்டில் வளைவுக் கல்லிலும் பிடித்து வளர்கிறது. கல் போட்ட இரண்டாம் வருஷமே வழுக்க ஆரம்பித்துவிடும். எடவப்பாதி மழைக்காலத்தில் (தென்மேற்குப் பருவமழை) கடல் ஏறியதும் முதலில் பிய்வது அதுதான். தோப்புவிளை அண்ணன் வளைவை ஒட்டிக் கிடக்கிறது என்றாரே, பாதி அந்தக் கல்லில் இருந்தே வந்திருக்கும்.

ஒதுங்கியதை எடுங்கள், குற்றமில்லை. விலை கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பாரில் போய்ப் பறிக்க மட்டும் இறங்காதீர்கள். பறிக்கும்போது அடியோடு சுரண்டுவார்கள், சிப்பிக் குஞ்சும் சேர்ந்து போகும். எங்களுக்குச் சோறு அந்தப் பார்தான்.

தோஹாவிலிருந்து:

சொந்த ஊர் வள்ளவிளை. இங்கே உட்கார்ந்து இதைப் படிக்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. உலகமே கடல்பாசி என்கிறது. 2020ல் மத்திய அரசு மீன்வளத் திட்டத்தில் பாசிக்கு மட்டும் 640 கோடி ஒதுக்கியது. ராமநாதபுரத்தில் வலமாவூரில் 127 கோடியில் பாசிப் பூங்காவுக்கு 2023ல் அடிக்கல் நாட்டினார்கள். நம் பிள்ளைகள் ஓமனுக்கும் ஈரானுக்கும் மீன்பிடிக்கப் போகிறார்கள். கரையில் கிடப்பதை அள்ளி விற்றாலே குடும்பம் நடக்குமே? நாமும் ஒரு சங்கம் தொடங்கினால் என்ன?

பாம்பன் மகள்:

தோஹா அண்ணே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. நான் பிறந்தது பாம்பன், கட்டிக்கொடுத்தது களியக்காவிளை. அம்மாவும் அத்தையும் பாசி எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பாசி என்று சும்மா சொல்ல மாட்டார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா. முதல் இரண்டும் அகர் என்கிற உறைபொருள் எடுக்க. பின்னது இரண்டும் ஆல்ஜினேட் எடுக்க, அது துணிக்குச் சாயம் அச்சடிக்கவும் ஐஸ்கிரீம் கட்டியாக நிற்கவும் போகும். விலையில் மரிக்கொழுந்துதான் ராணி. அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு கண்ணாடி மாட்டி முங்குவாள். பவளக்கல் கீறிய கை. ராத்திரி சோறு பிசையும்போது உப்பும் காரமும் பட்டு எரியும், ஸ்பூனால் சாப்பிடுவாள். ஸ்பூனை அவள் பிடிக்கும் விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அப்படி எடுத்தது ஈரத்தில் பத்து கிலோ என்றால், காய்ந்தபின் ஒன்று, ஒன்றரை கிலோதான் நிற்கும். பாசியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர்.

வாங்குகிறவர்கள் ஒரே வகையாக, மணல் இல்லாமல், நல்ல வெயிலில் காய்ந்ததாகக் கேட்பார்கள். கரையில் ஒதுங்குவது கலவை. மூன்று நாள் கடலில் அலைந்து பாதி உயிர் போனது. அதில் இருந்து எடுக்கிற அகர் உறுதியாக உறையாது. கட்டக்கோரையை மட்டும் பிரித்துக் காயவைத்தால் ஏதோ விலை உண்டு. ஆனால் இங்கே அது ஒதுங்குவது மழைக்காலத்தில், காயவைக்க வெயில் ஏது?

வளர்க்கலாமே என்பீர்கள். கப்பாபைக்கஸ் என்று பிலிப்பைன்ஸில் இருந்து வந்த பாசி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதை கட்டினால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் தரும். எங்கள் பக்கம் நிறையக் குடும்பம் அதில் நிமிர்ந்தது உண்மை. ஆனால் பாக் விரிகுடா குளம் மாதிரி. அங்கேயே ஒரு புயலில் மூங்கிலெல்லாம் முறிந்து கரைக்கு வரும். உங்கள் ஊர் ஆனி ஆடிக் கடலில் அந்த மிதவை ஒரு ராத்திரி தாங்காது. போதாததற்கு அந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். உங்கள் பாரில் படர்ந்தால் சிப்பி என்னாகும் என்று முங்குகிற தம்பியே சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷம் முன்பு ஒரு நிறுவனத்தின் ஆள் என் நாத்தனார் ஊருக்கு வந்து, காய்ந்த பாசி எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று பேசிவிட்டுப் போனார். பெண்கள் சேர்ந்து மொட்டைமாடியில் காயவைத்து முப்பது சாக்கு கட்டினார்கள். ஆள் வரவே இல்லை. போனை எடுக்கவில்லை. மழையில் சாக்கோடு மக்கி, கடைசியில் வாழைக்குப் போட்டார்கள். வாழை மட்டும் நன்றாக வந்தது. வாங்குகிறவன் கையெழுத்துப் போடாமல் சங்கம் தொடங்காதீர்கள் அண்ணே.

தோஹாவிலிருந்து:

ஸ்பூன் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை அக்கா. சரி, விற்கிற யோசனையை இப்போதைக்கு விடுகிறேன். தோப்புக்கு எடுப்பதைப் பற்றிப் பேசுவோம்.

நோன்புக்கஞ்சி:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தேங்காப்பட்டணம். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி இல்லாத நாள் கிடையாது. கடையில் வெள்ளை நார் மாதிரிப் பாக்கெட்டில் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி, பால், சீனி, கொஞ்சம் ரோஸ் சிரப் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் அடுப்படியிலேயே உறைந்துவிடும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். டைமண்டாக வெட்டி வைத்தால் பிள்ளைகள் பாங்கு சொல்லும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அதுவும் இந்தக் கரையில் கிடப்பதும் ஒன்றா? சின்னதில் இருந்து இந்தச் சந்தேகம்.

பாறசாலை டீச்சர்:

உறவுதான் மகளே, ஆனால் நேரே எடுத்துக் காய்ச்ச முடியாது. உங்கள் வெள்ளை நார் சிவப்புப் பாசியில் இருந்து வடித்த அகர். கழுவி, வெயிலில் வெளுத்து, வேகவைத்து வடிகட்டி, உறைய வைத்துத் தண்ணீரை நீக்கிக் காயவைப்பார்கள். 35, 40 டிகிரிக்கு இறங்கினாலே உறையும். உறைந்தது மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். அதனால்தான் நம் ஊர் வெயிலிலும் உங்கள் தட்டில் அசையாமல் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கிருமி வளர்த்துப் பரிசோதிக்கிற தட்டிலும் அதே அகர்தான், அதே காரணத்துக்காகத்தான். கஞ்சிப் பாசிக்கு அந்தப் பெயரே கடலோரக்காரர்கள் அதைக் காய்ச்சிக் குடித்ததால் வந்தது.

ஒதுங்கிக் கிடப்பதைச் சாப்பிட வேண்டாம். எந்தச் சாக்கடை முகத்தில் உரசி வந்தது என்று தெரியாது. சர்காஸத்துக்குக் கடல்நீரில் உள்ள ஆர்சனிக்கை இழுத்துச் சேர்க்கிற குணமும் உண்டு. அதனால் கீரைப் பாத்திக்கும் போட மாட்டேன். தென்னைக்குப் போடலாம்.

இப்போது தோப்புவிளைத் தம்பியின் உப்புக் கேள்வி. தமிழ்நாடு, கேரளக் கரையோரத் தோப்புகளில் பாசியைத் தென்னைக்கு உரமாகப் போடுவது பழைய வழக்கம், உங்கள் அப்பா தனியாகக் கண்டுபிடித்ததல்ல. தென்னை உப்புக்கு அஞ்சுகிற மரமும் அல்ல. வெட்டுக்கல் பூமியில் தென்னங்குழிக்கு உப்புப் போட்டே நடுகிறோம். தென்னை மண்ணில் இருந்து அதிகம் கேட்பது பொட்டாஷ். பாசியில் நிறைந்து இருப்பதும் பொட்டாஷ். மணிச்சத்து குறைவு, தழைச்சத்து சுமார், ஆகவே சாணத்தையும் சாம்பலையும் நிறுத்திவிடாதீர்கள். கடற்கரை மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது அல்லவா, பாசியில் உள்ள வழவழப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். நம் மணல் தோப்புக்கு அதுதான் பெரிய லாபம் என்பேன்.

இரண்டு வாரம் மழையில் கிடக்கவிட்டு, உப்பு இறங்கிய பிறகு மரத்தைச் சுற்றிய தடத்தில் பரப்புங்கள். ஒரு சாண் கனத்துக்கு மேல் வேண்டாம். தண்டைத் தொடாமல் இரண்டடி தள்ளி. மேலே ஓலையும் கொஞ்சம் மண்ணும். அழுகின முட்டை வாடை வந்தால் கிளறிக் காற்று விடுங்கள்.

எல்லைவாசி:

ஆற்றுப் பாசி என்று சொன்னேனே, அதைப் பற்றி. பூவாறில் பொழி முறித்தால் (ஆற்றுமுகத்து மணல்திட்டை வெட்டிவிட்டால்) நெய்யாறில் மிதக்கிற ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கன் பாயலும் கடலுக்குப் போய் அலையில் திரும்பக் கரைக்கு வருகின்றன. மலையாளத்தில் கடல்பாசியும் பாயல், இதுவும் பாயல். அதனால் பேச்சில் குழப்பம். பெயரில்தான் ஆப்பிரிக்கா, செடி பிரேசில்காரி. 1980களில் கேரளத்தில் ஒரு வண்டை விட்டு இதைப் பெருமளவு அடக்கினார்கள். உப்பு பட்டதும் சாகிறது, தென்னைக்கு இதுவும் மோசமில்லை. ஆனால் ஆற்றுக் குப்பை முழுக்க இதன் வேரில் சிக்கி வரும். பார்த்து எடுங்கள்.

தோப்புவிளை:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை இரண்டு கடவம் கொண்டுவந்தேன். கொட்டிப் பார்த்தால் இலை இடுக்கெல்லாம் வெள்ளை மணிகள். சவ்வரிசி போல, துவரம்பருப்பு அளவு. முதலில் மீன் முட்டை என்று நினைத்தேன். பல்லில் கடித்த பிறகுதான் பிளாஸ்டிக் என்று தெரிந்தது. கப்பல் மணிகள்தானே?

பார்நோக்கி:

அதேதான் அண்ணா. 2025 மே மாதம் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 கப்பல் கவிழ்ந்து மூழ்கியதே, அதில் வந்தது. 640 கன்டெய்னர். மணி மூட்டைகள் உடைந்து திருவனந்தபுரம் கரை, அப்புறம் நம் கரை என்று ஒதுங்கின. ஆட்கள் சல்லடை வைத்து அரித்தார்கள். மேலே கிடந்தது போயிற்று. மணலுக்குள் புதைந்ததைக் கடல் ஒவ்வொரு ஏற்றத்திலும் திரும்ப எடுத்துப் போடுகிறது. பாசி வலை மாதிரி, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

பாம்பன் மகள்:

தடத்தில் அப்படியே போட்டுவிடாதீர்கள் தம்பி, அது மக்கவே மக்காது, கோழி கொத்தும். மரிக்கொழுந்தில் மணல் போக்க அம்மா செய்கிற வழி ஒன்று இருக்கிறது, இதற்கும் ஆகும். அகலமான அண்டாவில் தண்ணீர் நிறைத்து, ஒரு பிடிப் பிடியாகப் பாசியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே உதறுங்கள். மணல் அடியில் போகும். மணி மேலே மிதக்கும். தேங்காய்ப்பால் பிழிகிற துணியை வளையத்தில் கட்டி வழித்து எடுத்துவிடலாம். ஒரு கடவத்துக்கு அரை மணி நேரம் ஆகும். உப்பும் கொஞ்சம் இறங்கும்.

தோப்புவிளை:

செய்து பார்த்தேன் அக்கா. அம்மாவும் உட்கார்ந்தார். இரண்டு கடவத்தில் ஒரு தேநீர்க் கிளாஸ் நிறைய மணி. ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன், கிராம சபையில் காட்டப் போகிறேன். ஜேசிபி நாளை மறுநாள் வருவதாகப் பேச்சு.

பார்நோக்கி:

அதைத் தடுக்கப் பாருங்கள் அண்ணா. ஜேசிபி பாசியை மட்டும் அள்ளாது, ஒரு வாளியில் பாதி மணல் போகும். வள்ளவிளையில் வீடு கடலில் போனதைப் பார்த்தவர்கள் நாம். ஒரு லோடு மணலைக் கூட நாமே தூக்கிக் கொடுக்கலாமா? காய்ந்த பாசி கிடக்கிற இடத்தில் காற்று மணலைக் கொண்டுவந்து சேர்க்கும், அடம்புக்கொடி அதன்மேல் ஏறும். பாசிக்குள் தத்துகிற சின்னப் பூச்சியைத் தின்னத்தான் நண்டும் பறவையும் வருகின்றன. அலை எட்டும் வரிசையைத் தொடாமல், மேல் வரிசையில் குவிந்ததைக் கையால் எடுப்பதுதான் முறை.

பாறசாலை டீச்சர்:

கிராம சபையில் பேசும்போது இதை அப்படியே படியுங்கள் தம்பி. மேலே குவிந்து நாறுகிற இடம், பிள்ளைகள் விளையாடுகிற இடம், வள்ளம் ஏற்றுகிற இடம் மூன்றையும் மட்டும் கையால் ஒதுக்கித் தோப்புக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தோப்புவிளை (மூன்று மாதம் கழித்து):

இழையை மறுபடி எழுப்புகிறேன். ஜேசிபி வந்தது, அரை நாள் ஓடியது, அதை என்னால் தடுக்க முடியவில்லை. ஆனால் ஜாடியைப் பார்த்த பிறகு ஊர்க்காரர்கள் மீதியை நிறுத்தச் சொன்னார்கள். வளைவுக்குக் கிழக்கே தொடவில்லை. அங்கே இப்போது அடம்பு பிடித்திருக்கிறது.

ஆறு மரத்துக்கு மட்டும் பாசி போட்டேன். முதல் நான்கு நாள் ஈயும் வாடையும் தாங்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டார்கள். ஓலை மூடியதும் அடங்கியது. மழையில் கறுத்து, குழைந்து, கனம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. நேற்று கையால் விலக்கிப் பார்த்தேன். மண்ணுக்கும் பாசிக்கும் நடுவில் புது வேர் முனைகள் வெள்ளையாக, தீக்குச்சி கனத்தில் மேல்நோக்கி ஏறி வந்திருக்கின்றன. பாசி போடாத மரத்தடியில் தோண்டினால் வெறும் உலர்ந்த மணல்தான். காய்ப்பைப் பற்றி இப்போது சொல்ல முடியாது, விரிந்த பாளையில் காய் முற்றவே ஒரு வருஷம் ஆகும்.

அம்மா பரணில் இருந்து அப்பாவின் பழைய கடவம் ஒன்றை எடுத்துத் தந்தார். அடி மட்டும் இற்றிருந்தது, பனைநார் வைத்துப் பொத்தியாயிற்று. ஆக மூன்று கடவம், ஒரு அண்டா. அடுத்த கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் இங்கேயே எழுதுகிறேன். மறுநாள் விடியற்காலை வளைவின் அடியில் நிற்பேன், வர முடிந்தவர்கள் பால் பிழிகிற துணி ஒன்று கொண்டு வாருங்கள்.

பார்நோக்கி:

வருகிறேன் அண்ணா. வெள்ளம் கலங்கி எனக்கும் முங்க முடியாத நாள்தான் அது.